சரணாலய தரிசனம்

திருப்பதிக்குப் போகிறவர்கள் பத்து மணி நேரம் காத்திருந்து, அரை நிமிஷம் பெருமாளைத் தரிசித்துவிட்டு, "என்ன பாக்கியம்!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்புகிறார்கள். அதே மனிதர்கள் காட்டுக்குப் போய் இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டு, புலியைக் காணவில்லை என்றால், "பணம் தண்டம்!" என்று கோபித்துக்கொள்கிறார்கள். இந்த வித்தியாசத்துக்குக் காரணம் என்னவென்று நாம் வெகுநாளாய் யோசித்ததுண்டு. கோயிலுக்குப் போகும்போது அது ஸ்வாமியின் வீடு என்பது நமக்கு நினைவிருக்கிறது. காட்டிலோ, நுழைவுச் சீட்டு வாங்கிய மாத்திரத்தில் நாம்தான் சொந்தக்காரர் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. புலியானது கூப்பிட்ட குரலுக்கு ஏனென்று கேட்டு வந்து நிற்கவேண்டிய சேவகனாகிவிடுகிறது!

சரணாலயம் என்ற பெயரை வைத்தவர் யாராயினும் அவர் வாய்க்குச் சர்க்கரை போடலாம். சரணம் என்று வந்தவருக்கு இடம் கொடுக்கும் வீடு என்று பொருள். அடைக்கலம் புகுந்த புறாவுக்காகத் தன் தசையை அரிந்து தராசில் வைத்த சிபியைத் தங்கள் முன்னோன் என்று சொல்லிப் பெருமைப்பட்டவர்கள் சோழ மன்னர்கள். அந்தக் கதையில் புறா இருக்கிறது, பருந்து இருக்கிறது, ராஜா இருக்கிறார். வேடிக்கை பார்க்க வந்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. இக்காலத்தில் நமக்குக் கிடைத்திருப்பது அந்த நான்காவது வேஷம். அதை எப்படி ஆடுவது என்பதுதான் கேள்வி.

சென்ற தை மாதத்தில் ஒரு விடியற்காலையில் நாம் குடும்பத்தோடு வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்றோம். சென்னையிலிருந்து தெற்கே சுமார் 80 கிலோமீட்டர் தூரத்தில், மதுராந்தகத்துக்குச் சமீபத்தில் உள்ள சிறிய ஏரி அது. தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் இலை அதிகமா, பறவை அதிகமா என்று பந்தயம் கட்டலாம். நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், கரண்டிவாயன், அரிவாள் மூக்கன் எல்லாம் ஒரே சமயத்தில் பேசின. கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு இலை போடும்போது எழும் ஆரவாரத்தைத்தான் அதற்கு உவமை சொல்லவேண்டும். குஞ்சுகள் பசியென்று கத்துவதும், தாய்ப்பறவை மீனோடு வந்து இறங்குவதும், பக்கத்துக் கூட்டுக்காரர் எல்லைத் தகராறு செய்வதுமாக அங்கே ஒரு முழு நகரமே நடந்துகொண்டிருந்தது.

இந்த ஏரியின் சரித்திரம் பறவைகளை விட ஆச்சரியமானது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பொழுதுபோக்குக்காக இங்கே பறவைகளைச் சுட்டார்கள். ஊர்க் குடியானவர்கள் அதைப் பொறுக்கவில்லை. அப்போது செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் என்பவரிடம் போய் முறையிட்டு, பறவைகளைச் சுடக்கூடாதென்று 1798-ம் வருஷத்தில் ஒரு கௌல் எழுதி வாங்கினார்கள். 1858-ல் அந்த உரிமையைப் புதுப்பித்துக் கொண்டார்கள். சர்க்கார் இதைப் பறவைச் சரணாலயமாக ஏற்றுக்கொண்டது 1936-ல். உலகத்தின் முக்கியமான நீர்நிலைகளின் ஜாபிதாவாகிய ராம்சர் பட்டியலில் இது சேர்ந்தது 2022-ல். சர்க்காரும் உலகமும் வந்து சேருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னாலேயே ஊரார் அந்த வேலையைத் தொடங்கிவிட்டார்கள் என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும். கும்பினியார் ஆட்சியில், துப்பாக்கி வைத்திருந்தவனுக்கு எதிராகக் கொக்குக்கும் நாரைக்கும் வக்காலத்து வாங்கிப் பேசிய குடியானவர்கள் அவர்கள்! பெயர் தெரியாத அந்த மனிதர்களுக்கு நாட்டில் எங்கும் சிலை இல்லை.

குடியானவர்களுக்கு இதில் லாபமும் உண்டு. பறவைகளின் எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் நெல் வயலுக்கு எருவும் ஆகிறது. தர்மமும் லாபமும் ஒரே வாய்க்காலில் ஓடிவந்தால் வேண்டாமென்று சொல்வார் யார்? ஆனால் லாபம் ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. சிவகங்கைச் சீமையில் வேட்டங்குடிச் சரணாலயத்தை அடுத்த கொள்ளுகுடிப்பட்டி முதலிய ஊர்களில் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. பறவைகள் வெருண்டு போய்விடுமாம். அந்த ஊர்க் குழந்தைகளின் தியாகத்துக்கு எந்தக் கணக்குப் புஸ்தகத்தில் வரவு வைப்பது?

வேடந்தாங்கலிலிருந்து கடற்கரையை ஒட்டியே தெற்கே பிரயாணம் செய்து மறுநாள் கோடியக்கரை சேர்ந்தோம். வங்காள விரிகுடாவும் பாக் ஜலசந்தியும் சந்திக்கும் முனை அது. 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்குப் பூங்குழலியின் ஓடம் நினைவுக்கு வரும். சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட பழைய கலங்கரை விளக்கம் 2004-ம் வருஷத்து ஆழிப்பேரலையில் இடிந்து போயிற்று. காடு மட்டும் இருக்கிறது. பாலை மரங்கள் நெருங்கிய, ஆண்டு முழுதும் பசுமை மாறாத கடற்கரைக் காடு. அதை அடுத்துப் புல்வெளி. அதற்கப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் உப்புச் சதுப்பு. 1967-ல் இது சரணாலயமாயிற்று. 2002-ல் ராம்சர் பட்டியலில் ஏறிற்று.

புல்வெளியில் வெளிமான்களைப் பார்த்தோம். கலைமானின் கொம்பு திருகாணி போல் முறுக்கிக்கொண்டு எழும்புகிறது. முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை. மேலே கோட்டும் கீழே வேஷ்டியும் அணிந்த அந்தக் காலத்து வக்கீல்களைப் போன்ற கம்பீரம். பெண் மான்களுக்குக் கொம்பும் இல்லை, கறுப்பும் இல்லை. சற்றுத் தள்ளி மட்டக் குதிரைகள் மேய்ந்தன. எந்தக் காலத்திலோ மனிதர் வளர்த்துக் கைவிட்டவற்றின் சந்ததி அவை. மானுக்கும் குதிரைக்கும் புல் ஒன்றுதான். அந்தப் புல்லையும் சீமைக் கருவேலம் நாளுக்கு நாள் நெருக்கிக்கொண்டு வருகிறது. சரணாலயம் என்று பலகை நட்டுவிட்டால் காரியம் முடிந்துவிடவில்லை என்பதற்கு இந்தப் புல்வெளியே சாக்ஷி.

சதுப்பின் ஓரத்தில் ரோஜா நிறமாக ஒரு கோடு தெரிந்தது. தூரதரிசினிக் கண்ணாடி வைத்துப் பார்த்தபோது அந்தக் கோடு ஆயிரம் கால்களோடு நடந்தது. பூநாரைகள்! தலையைக் கவிழ்த்து, அலகையே சல்லடையாக்கி, உப்பு நீரிலுள்ள பாசியையும் சிற்றிறாலையும் வடிகட்டி உண்கின்றன. அந்த இரையிலுள்ள சாயம்தான் சிறகில் ஏறுகிறது. அவற்றின் காலடியில் ஓடித் திரிந்த கொசு உள்ளானோ சிட்டுக்குருவி எடைதான் இருக்கும். அது ஆர்க்டிக் பிரதேசத்திலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்திருக்கிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் பல்லாண்டு காலமாக இங்கே பறவைகளின் காலில் வளையமிட்டு இந்த யாத்திரைகளை ஆராய்ந்து வருகிறார்கள். பறவை நிபுணர் சலீம் அலி பெரிதும் விரும்பிய இடம் இது.

உப்பு என்றதும் நம் மனம் வேறொரு யாத்திரைக்குப் போயிற்று. 1930-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 13-ந் தேதி ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து புறப்பட்ட சுமார் 100 தொண்டர்கள், சித்திரை வெயிலில் நடந்து 28-ந் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். 30-ந் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளிய ராஜாஜி சிறைப்பட்டார். இந்த மண்ணின் உப்பு இந்த மண்ணின் மக்களுக்கு உரியது என்பதே அன்றைய வழக்கு. கோடியக்கரைச் சதுப்பு அதே உப்பு மண்ணின் தொடர்ச்சிதான். தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்தபடியாக உப்பு விளைவது வேதாரண்யத்திலே. இன்று அந்த வழக்கில் மற்றொரு கக்ஷிக்காரர் சேர்ந்திருக்கிறார். ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் அளவு மாறினால் சதுப்பில் இரை மாறும். இரை மாறினால் பூநாரை வேறு இடம் பார்த்துக்கொள்ளும். உப்பளத்துத் தொழிலாளிக்கும் பிழைப்பு வேண்டும். பறவைக்கும் தண்ணீர் வேண்டும். உப்பில்லாமல் சாப்பிட நாம் யாரும் சம்மதிக்கமாட்டோமாகையால், தொழிலாளியின் மேல் பழியைப் போட்டுவிட்டு ஊர் திரும்ப நமக்கு உரிமையில்லை. இருவருக்கும் இடமிருக்கும்படி வரப்பையும் மதகையும் வகுப்பதே விவேகம்.

காட்டில் நமக்கு வழிகாட்டிய முதியவரிடம் 2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி கரையைக் கடந்த கஜா புயலைப் பற்றிக் கேட்டோம். பெருங்காற்றில் மரங்கள் சாய்ந்து, மான்கள் பல மடிந்தது நேயர்களுக்கு நினைவிருக்கும். அவர் சிறிது நேரம் பேசாமல் நடந்துவிட்டுச் சொன்னார்: "விடிஞ்சு பாத்தா காட்டுக்குள்ளே வழியே இல்லீங்க ஐயா. வீட்டுக்கும் கூரை இல்லே. கூரையைத் தேடறதா, மானைத் தேடறதான்னு புரியலே. ரெண்டையும்தான் தேடினோம்."

இந்த வார்த்தை நமக்குப் பல புஸ்தகங்களுக்குச் சமமாயிற்று. சரணாலயத்தின் அருகில் வாழ்கிறவர்கள் அந்த 'ரெண்டையும்' தேடுகிறார்கள். தூரத்திலிருந்து மோட்டாரில் வருகிற நாமோ மானை மட்டும் தேடுகிறோம்.

அதற்கு முந்திய வருஷம் புரட்டாசியில் முதுமலைக்குப் போனபோதும் இதையே வேறு விதமாகக் கண்டோம். கடற்கரைக்கு நேர்மாறான உலகம் அது. நீலகிரியின் அடிவாரத்தில், மாயாற்றின் கரையில், தேக்கும் மூங்கிலும் அடர்ந்த காடு. 1940-ல் சென்னை ராஜதானியில் சரணாலயமாக்கப்பட்டது. 2007-ல் புலிகள் காப்பகமாயிற்று. இன்று அதன் மொத்தப் பரப்பு 688 சதுர கிலோமீட்டர். தெப்பக்காட்டு யானை முகாம் நூறு வருஷத்துக்கு மேற்பட்டது. ஒரு காலத்தில் மரம் இழுத்த யானைகளின் வம்சம் இப்போது ராகிக் கவளம் வாங்கிச் சாப்பிடுவதை ஜனங்கள் கூடிநின்று பார்க்கிறார்கள். தாயை இழந்த குட்டிகளை வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதிகளைப் பற்றிய குறும்படம் 2023-ல் ஆஸ்கார் பரிசு பெற்றதிலிருந்து கூட்டம் கேட்கவேண்டியதில்லை. யானைக்கு முதுகு காட்டி நின்று, கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து, யானையோடு தம்மையும் படமெடுத்துக்கொண்டு போகிறவர்களே அநேகம். யானையை நேருக்கு நேர் பார்த்தவர்கள் அவர்களில் எத்தனை பேரோ!

அந்தக் காட்டை அறிந்தவர்கள் காட்டுநாயக்கரும் குறும்பரும் இருளரும். 2021-ம் வருஷம் மசினகுடிப் பக்கத்தில் மனிதர்களைக் கொன்ற ஒரு புலியைச் சுமார் மூன்று வாரம் தேடினார்கள். யந்திரக் கண்களும், வானத்தில் பறக்கும் கருவிகளும் வந்தன. அவற்றோடு காலடித் தடம் பார்த்து வழிகாட்டியவர்கள் அந்தக் காட்டு மக்கள். அக்டோபர் மாதத்தில் புலி உயிரோடு பிடிபட்டது. காட்டில் அவர்களுக்குள்ள பாத்தியதையை 2006-ம் வருஷத்துச் சட்டம் ஒப்புக்கொள்கிறது. உல்லாசத்துக்கு வந்தவர்களின் கதை வேறு. யானைகள் தலைமுறை தலைமுறையாக நடந்த வழியில் விடுதிகள் எழும்பி, வேலிகள் முளைத்து, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2020-ல் யானைக்குச் சாதகமாகத் தீர்ப்பாயிற்று. முதுமலையை அடுத்த பந்திப்பூர்க் காட்டுச் சாலையில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரையில் பொது வாகனப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. ஒரு நாளில் ஒன்பது மணி நேரம் சாலையை அதன் பழைய சொந்தக்காரர்களுக்குத் திருப்பிக் கொடுக்கிறோம். இதுவும் பெருத்த நஷ்டம் என்று முறையிடுகிற வியாபாரிகள் உண்டு.

ஆகையால் நேயர்கள் சரணாலயங்களுக்குப் போகவேண்டாமென்று சொல்கிறோமா? ஒருகாலும் இல்லை. குழந்தைகளை அழைத்துக்கொண்டு அவசியம் போகவேண்டும். கார்த்திகை முதல் மாசி வரையில் வேடந்தாங்கலுக்கும், மார்கழி, தையில் கோடியக்கரைக்கும் போனால் பறவைகளை நன்றாகக் காணலாம். ஆனால் விருந்தாளி வீட்டுக்கு வந்தால் எப்படி இருக்கவேண்டுமென்று நாம் எதிர்பார்க்கிறோமோ அப்படி அங்கே இருக்கவேண்டும். மெல்லப் பேசவேண்டும். குரங்குக்கும் மானுக்கும் தின்பண்டம் எறியக்கூடாது. அது தானமல்ல, அவற்றுக்கு வியாதி. கொண்டு போன பிளாஸ்டிக் பையை நம்மோடு திரும்பக் கொண்டுவரவேண்டும். சொந்த மோட்டாரில் பாட்டு வைத்துக்கொண்டு பறப்பதை விட்டு, ஊர்க்காரர் ஒருவரை வழிகாட்டியாக அமர்த்தி, அவருக்கு நியாயமான கூலி கொடுத்து, அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கவேண்டும். புலி தென்பட்டால் பாக்கியம்; தென்படாவிட்டால் அது சௌக்கியமாக எங்கோ படுத்திருக்கிறதென்று சந்தோஷப்படவேண்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியமான காரியம் ஒன்று ஊர் திரும்பிய பிறகு இருக்கிறது. நம் ஒவ்வொருவர் ஊரிலும் ஓர் ஏரியோ குளமோ உண்டு. அதில் நாலு மரமும், மரத்தில் நாலு கொக்கும் இன்னும் மிச்சமிருக்கலாம். குப்பை கொட்டித் தூர்த்து மனை போடுவதற்கு யாரோ அளவெடுத்துக் கொண்டும் இருக்கலாம். செங்கற்பட்டுக் கலெக்டரிடம் முறையிடப் போன குடியானவர்களுக்கு வேடந்தாங்கல் அன்று சரணாலயம் அல்ல. அது அவர்களுடைய ஊர் ஏரி.