குப்பைமேடாக இருந்தவரை எங்களுடையது, பூங்கா ஆனதும் யாருடையது?



எங்கள் குடியிருப்பின் பின்சுவரை ஒட்டி அரை ஏக்கர் அளவில் ஒரு காலி இடம் இருந்தது. வடசென்னையில் வளர்ந்த யாருக்கும் அப்படி ஓர் இடம் தெரிந்திருக்கும். இடித்த வீடுகளின் ரப்பீஸ், கோழிக்கடைக் கழிவு, கிழிந்த மெத்தை, நடுவில் சீமைக்கருவேலம். மழைக்காலத்தில் கொசு, கோடையில் யாரோ வைக்கும் தீயின் புகை. எதிர்ப்பக்கத் தெருவில் சொந்த வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டு வேலை முடிந்த மிச்சமெல்லாம் இங்கேதான் வந்து விழும். ஆனால் ஊர் வாயில் அது "அந்த ஹவுசிங் போர்டு ஆளுங்க குப்பைமேடு".

நாங்கள் என்றால், அந்தக் குடியிருப்பில் மாலைப் படிப்பகம் நடத்தும் பதினைந்து பேர். எங்களில் பலருடைய அம்மாக்கள் தூய்மைப் பணியாளர்கள். ஊர்க் குப்பையை அள்ளிவிட்டு வீட்டுக்கு வந்தால் சன்னலைத் திறக்க முடியாது. அந்த எரிச்சலில்தான் இந்த வேலை தொடங்கியது.

முதலில் நிலம் யாருடையது என்று பார்த்தோம். யாரோ பெரிய மனிதருடையது என்றுதான் சிறுவயதிலிருந்து கேட்டு வந்தோம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போட்டோம். 30 நாட்களில் பதில் வர வேண்டும், வரவில்லை. மேல்முறையீடு செய்த பிறகு வந்தது. நகர நில அளவைப் பதிவேட்டில் அது அரசுப் புறம்போக்கு. இத்தனை வருடம் பொது இடத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டே அதைத் தனியார் இடம் என்று நம்பியிருக்கிறோம். கையில் அந்தத் தாள் வந்த பிறகுதான் எங்களுக்குத் தைரியம் வந்தது.

சுத்தம் செய்யும் நாள் வந்தது. எதிர்த்தெருவிலிருந்து சிலரும், வெளியிலிருந்து தன்னார்வலர்கள் சிலரும் வந்தார்கள். கையுறை, தொப்பி, பேனர் எல்லாம் இருந்தது. அரைமணி நேரத்தில் யாரும் திட்டமிடாமலே வேலை பிரிந்துவிட்டது. அவர்கள் செடிக்குழி அளந்துகொண்டிருந்தார்கள், கோழிக்கழிவு மூட்டைகளை எங்கள் பையன்கள் தூக்கிக்கொண்டிருந்தார்கள். ஓரமாக நின்ற ஓர் அக்காவிடம் ஒருவர் மரியாதையாகத்தான் கேட்டார், "உங்களுக்கு இது பழக்கம்தானே, கொஞ்சம் கைகொடுங்களேன்." அக்கா சொன்ன பதில் எங்களுக்கு இன்றும் பாடம்: "காலையில நான் அள்றது சம்பளத்துக்கு. சாயங்காலமும் நானே அள்ளணும்னா அது என்ன தம்பி? கொட்டினது உங்க தெருவும்தான். நீயும் ஒரு முனையைப் புடி, நானும் ஒரு முனையைப் புடிக்கிறேன்."

அவர் பிடித்தார். முகம் சுளித்தபடிதான் பிடித்தார், ஆனால் பிடித்தார். அன்றைக்கு நாங்கள் ஒரு விதி வைத்தோம்: எந்த வேலைக்கும் சீட்டுக் குலுக்கல். கழிவு அள்ளுபவர் யார், செடி நடுபவர் யார் என்பதைச் சீட்டு முடிவு செய்யும், பிறப்பு முடிவு செய்யாது. சிலர் அதற்குப் பிறகு வரவில்லை. வந்தவர்கள் உண்மையாக வந்தார்கள்.

இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்குச் சில செய்திகள். ரப்பீஸ் மேல் மண் பரப்பி நட்டால் செடி நிற்காது. இரண்டடி தோண்டி எடுத்தே ஆக வேண்டும். சீமைக்கருவேலத்தை வெட்டினால் துளிர்க்கும், வேரோடு எடுங்கள். புங்கன், பூவரசு, வேம்பு, நாவல் எங்கள் மண்ணில் பிழைத்தன. பழைய குப்பை நிலத்தில் ஈயம் போன்ற நஞ்சு இருக்கலாம் என்பதால் கீரையைத் தரையில் போடவில்லை. சிமெண்ட் சாக்கில் வேறு மண் நிரப்பிப் போட்டோம். குழாயடியில் வழியும் தண்ணீரைக் கல்வாழைப் பாத்தி வழியாக விட்டு மரங்களுக்குப் பாய்ச்சினோம். இரண்டு கோடையைக் குடங்களால்தான் கடந்தோம்.

மூன்றாம் வருடம் நிழல் வந்தது. கூடவே இரும்புக் கேட்டும் வந்தது.

உரிய அலுவலகத்தில் யார் கேட்டார்கள், எப்படி அனுமதி கிடைத்தது என்று எங்களுக்குச் சொல்லப்படவில்லை. எதிர்த்தெருப் பக்கம் ஒரு வாசல், ஒரு பூட்டு, "நடைப்பயிற்சிக்கு மட்டும்" என்று ஒரு பலகை. எங்கள் பக்கத்து வழியில் வேலி. "பசங்க கத்துறாங்க, பொம்பளைங்க கும்பலா உக்கார்றாங்க" என்று காரணம் சொன்னார்கள். குப்பையாக இருந்தபோது அது எங்கள் அடையாளம். பச்சையானதும் நாங்கள் அதற்கு இடைஞ்சல்.

இது புதிய கதை இல்லை. பொது நீர்நிலைகளை எல்லோருக்கும் திறக்க வேண்டும் என்று பம்பாய் சட்டமன்றம் 1923-லேயே தீர்மானம் போட்டது. மஹாட் நகராட்சியும் தன் சவதார் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. ஆனால் தாளில் திறந்த குளத்தில் இறங்க ஒடுக்கப்பட்ட மக்களால் முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் நடந்து போய்த் தண்ணீர் குடித்தார். அதன் பிறகு சாதி இந்துக்கள் அந்தக் குளத்தைச் "சுத்திகரித்தார்கள்". சென்னையிலும் பார்த்துவிட்டோம். ஆற்றைச் சீரமைக்கிறோம் என்று கூவம் கரையில் இருந்த குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். நகரம் அழகாகும்போது யாரை வெளியே நிறுத்தி அழகாகிறது என்று கேட்காமல் இருக்க முடியாது.

நாங்களும் நடந்தே போனோம். நில அளவைப் பதிவின் நகல், நாங்கள் நட்டபோது எடுத்த படங்கள், குடியிருப்பில் வீடு வீடாக வாங்கிய கையெழுத்து எல்லாவற்றையும் கொடுத்தோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தத்தையும் எடுத்துக் காட்டினோம். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பொதுச் சொத்து வளங்களை மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்துவதைத் தடுப்பது அதன்படி குற்றம். மனு மேசையில் கிடந்த நாட்களில் எங்கள் பெண்கள் தினமும் மாலை வேலிக்கு வெளியே பாய் விரித்து உட்கார்ந்தார்கள். படிப்பகத்தை அங்கேயே நடத்தினோம். ஐந்து வாரம் கழித்து வேலியைப் பிரித்தார்கள். பூட்டு போனது. பலகை இன்னும் இருக்கிறது, அதற்கும் மனு போட்டிருக்கிறோம்.

தம்பி தங்கைகளுக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு. மரம் நடுவது நல்லது, நடுங்கள். ஆனால் மண்வெட்டி எடுப்பதற்கு முன்பே மூன்று கேள்விக்குப் பதில் எழுதி வையுங்கள்: நிலம் யார் பெயரில் இருக்கிறது? அழுக்கு வேலையை யார் செய்யப்போகிறார்கள்? நிழல் வந்த பிறகு சாவி யாரிடம் இருக்கும்? நாங்கள் முதல் கேள்வியை மட்டும் கேட்டுத் தொடங்கினோம். இரண்டாவதை அந்த அக்கா கேட்டார். மூன்றாவதைக் கேட்கத் தவறியதற்கு ஐந்து வாரம் வேலிக்கு வெளியே உட்கார்ந்தோம்.

இப்போது அக்கா வேலை முடிந்து வந்து பூவரசு நிழலில் காலை நீட்டி உட்காருகிறார். சன்னல்கள் திறந்திருக்கின்றன. வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்.

ஜெய் பீம்.