ஏடு எழுதியவர்கள்

சங்கப் பாடல்களைப் பாடியவர்கள் பலரின் பெயர்கள் நமக்குத் தெரியும். அவற்றை நம்மிடம் கொண்டுவந்து சேர்த்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் தெரியாது. பனையோலையைப் பூச்சியும் ஈரமும் சில நூறு ஆண்டுகளில் தின்றுவிடும். அதற்குள் யாரோ ஒருவர் எழுத்தாணி பிடித்து, பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஓலையில் கீறிக் கரி பூசியாக வேண்டும். ஓலை பொத்துப்போகும் என்று அவர்கள் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. தமிழ் தெரிந்தவன் சரியாக வாசித்துக்கொள்வான் என்ற நம்பிக்கைதான்.

சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றியதும் இப்படிப் படிக்குமேல் படியாக வந்த ஏடுகளைக் கொண்டுதான்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தபோது ஓலைச்சுவடிகளும் எரிந்தன. வேறு படி இருந்தவை பிழைத்தன. இல்லாதவை அன்றோடு போயின.

புலம்பெயர்ந்த நம் வீடுகளிலும் ஊரிலிருந்து வந்த கடிதங்கள், அம்மம்மாவின் கைமருந்துக் கொப்பி என்று ஏதோ இருக்கின்றன. பத்திரமாகத்தான் வைத்திருக்கிறோம். அந்த நூலகத்திலும் பத்திரமாகத்தான் வைத்திருந்தார்கள். இந்த மாரிக்குள்ளாவது உட்கார்ந்து அவற்றைப் படியெடுப்போம். நாம் புள்ளி வைத்தே எழுதவேண்டும். வாசிக்கப்போகிறவர்கள் இங்கே பிறந்த நம் பிள்ளைகள்.