பட்டாணி, சுண்டலுக்குக் காது வயசு ஒண்ணரை!

ஒரு குட்டி க்விஸ்! ஒரே குழந்தைக்கு ஒரே நேரத்துல மூணு வேற வேற வயசு இருக்க முடியுமா?

'என்ன பாஸ், இன்ஜினீயரிங் படிச்சு மூளை குழம்பிடுச்சா?'னு கேட்காதீங்க. எங்க அக்காவோட ரெட்டைக் குழந்தைங்களுக்கு அப்படித்தான் இருக்கு. ஒரு பையன், ஒரு பொண்ணு. வீட்ல வெச்ச செல்லப் பேரு பட்டாணி, சுண்டல். பிறந்தப்போ அந்த சைஸ்லதான் இருந்தாங்க. பட்டாணி 1 கிலோ 300 கிராம். சுண்டல் 1 கிலோ 150. நம்ம செமஸ்டர் புக் ரெண்டைச் சேர்த்து எடை போட்டா அதைவிட ஜாஸ்தி வரும்!

முதல் வயசு, பர்த் சர்ட்டிஃபிகேட்ல இருக்குறது. அதன்படி இப்போ மூணு முடிஞ்சிடுச்சு. ரெண்டாவது வயசு, டாக்டர் கணக்கு. நாப்பது வாரம் அம்மா வயித்துல இருக்க வேண்டியவங்க முப்பதாவது வாரமே அவசரப்பட்டு வந்துட்டதால, எதை அளந்தாலும் பத்து வாரத்தைக் கழிச்சுட்டுத்தான் அளப்பாங்க. பொதுவா ரெண்டு வயசு வரைக்கும் இந்தக் கழித்தல் கணக்கு ஓடும். மூணாவது வயசு, காது வயசு. அது ஒண்ணரை. இந்த மூணாவது வயசு எங்க வீட்டுக்கு எப்படி வந்துச்சுங்கறதுதான் மேட்டரே!

நாக்கு இல்ல, காது!

பிறந்ததும் ரெண்டு பேரையும் என்.ஐ.சி.யு.வுல கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சுட்டாங்க. 45 நாள். மூச்சுக்கு மெஷின், மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கு, கிருமித் தொற்றுக்கு ஊசி மருந்துனு ஒரு போராட்டம். அக்கா தினமும் கையைச் சோப்பு போட்டுக் கழுவிட்டு உள்ளே போய், ஒரு விரலை நீட்டிக்கிட்டு நிப்பா. அதைப் பட்டாணி பிடிச்சுக்குவான். அவ்வளவுதான் விசிட்டிங் அவர்!

டிஸ்சார்ஜ் அன்னிக்கு நர்ஸ் அக்கா ஒரு சின்னக் கருவியைக் காதுல வெச்சாங்க. அதுக்குப் பேரு ஓ.ஏ.இ. டெஸ்ட். இதுல ஒரு ஆச்சர்யம் இருக்கு. நல்லா வேலை செய்யிற காது, சத்தத்தைக் கேட்கிறதோட நிறுத்தாது. பதிலுக்கு ரொம்ப மெல்லிசா ஒரு சத்தத்தைத் திருப்பி அனுப்பும். 1978-ல டேவிட் கெம்ப்னு ஒரு இங்கிலாந்து விஞ்ஞானி இதைக் கண்டுபிடிச்சார். அந்த எதிரொலி வந்தா 'பாஸ்'. வரலைன்னா 'ரெஃபர்'. எங்க வாண்டுங்க ரெண்டு பேருக்கும், ரெண்டு காதுலயும், 'ரெஃபர்'.

'ரெஃபர்'னா காது கேட்காதுனு அர்த்தம் கிடையாது. காதுக்குள்ள அழுக்கு, தண்ணி இருந்தாகூட அப்படி வரலாம். அடுத்த டெஸ்ட் எடுங்கன்னு அர்த்தம். அடுத்தது 'பெரா'. குழந்தை தூங்கும்போது தலையில சின்னச் சின்ன எலெக்ட்ரோடு ஒட்டி, காதுல போற சத்தம் நரம்பு வழியா மூளைத் தண்டு வரைக்கும் போய்ச் சேருதான்னு பார்ப்பாங்க. என்.ஐ.சி.யு.வுல இருந்த குழந்தைங்களுக்கு இது ரொம்ப முக்கியம். ஏன்னா சிலருக்குக் காது நல்லா இருக்கும், நரம்பு சிக்னலைச் சரியா கடத்தாது. அவங்க ஓ.ஏ.இ.யில ஜம்முனு பாஸ் ஆகிடுவாங்க, பெராவுலதான் மாட்டுவாங்க.

பெரா ரிசல்ட்டும் வந்துச்சு. 90 டெசிபலுக்கும் அசையவே இல்ல கோடு. பக்கத்துல லாரி ஹாரன் அடிச்சாக்கூடக் கேட்காதுன்னு அர்த்தம்.

'ஏன் இப்படி?'னு கேட்டா டாக்டர்கிட்ட ஒரே ஒரு காரணம் இல்ல. குறைப்பிரசவம், எடை குறைவு, மூச்சு மெஷின், காமாலை, கிருமியைக் கொல்ற சில வகை ஆன்டிபயாடிக்... இப்படிப் பல விஷயம் சேர்ந்து உள்காதுல இருக்குற மெல்லிய முடிச் செல்களைப் பாதிக்கலாம். 'அந்த மருந்தெல்லாம் இல்லைன்னா குழந்தைங்களே நம்மகிட்ட இல்ல'ன்னார் டாக்டர். அதுக்கு மேல அக்கா எதுவும் கேட்கலை.

ஆனா, ஊரு கேட்டுச்சே! வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுல இருந்து எங்க தெரு வரைக்கும் ஆளுக்கொரு வைத்தியம். 'வசம்பு சுட்டு நாக்குல தடவு'ன்னு ஒருத்தர். 'கோயிலுக்கு மணி வாங்கிக் கட்டு'ன்னு இன்னொருத்தர். எங்க அப்பத்தா, 'உங்க தாத்தா நாலு வயசுலதாண்டா பேசினாரு, பொறுங்க!'ன்னுச்சு. பாசத்துலதான் சொன்னாங்க எல்லாரும். ஆனா, இந்த 'பொறுங்க'தான் டேஞ்சர். நாக்கு நல்லாத்தான் இருக்கு. காதுக்குள்ள தமிழ் போகவே இல்லைன்னா வாயில இருந்து எப்படித் தமிழ் வரும்?

உலகம் முழுக்க டாக்டர்கள் சொல்ற கணக்கு 1-3-6. ஒரு மாசத்துக்குள்ள முதல் டெஸ்ட், மூணு மாசத்துக்குள்ள உறுதியான ரிசல்ட், ஆறு மாசத்துக்குள்ள சிகிச்சை ஆரம்பம். காரணம் ரொம்ப சிம்பிள். வயித்துல இருக்குற குழந்தைக்கு ஆறாவது மாசத்துல இருந்தே சத்தம் கேட்க ஆரம்பிச்சுடும். நிறைமாசத்துல பிறக்குற குழந்தை அம்மா குரலை மூணு மாசமா கேட்டுட்டுத்தான் வெளியே வருது. சத்தமே வரலைன்னா, மூளையில அதுக்கு ஒதுக்கின இடத்தை வேற வேலைங்க மெல்ல எடுத்துக்க ஆரம்பிச்சுடும்.

22 பேர் டீம்!

ஆறாவது மாசம் ஹியரிங் எய்டு போட்டாச்சு. பெருசா பலன் இல்ல. ஒரு வயசு அஞ்சு மாசத்துல காக்ளியர் இம்ப்ளான்ட் ஆபரேஷன். அக்கா வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுறவர். ரெண்டு பேருக்கும் சேர்த்து லட்சக்கணக்குல செலவழிக்க எங்க போறது? 2012-ல தொடங்கின முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துல இந்த ஆபரேஷனும் வருது. அதுலதான் நடந்துச்சு.

இந்த மெஷின் எப்படி வேலை செய்யுதுன்னு டாக்டர் படம் வரைஞ்சு காட்டினப்போ எனக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு. அத்தனையும் நம்ம 'சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ்' பேப்பர்! காதுக்குப் பின்னால இருக்குற மைக் சத்தத்தைப் பிடிக்குது. பிராசஸர் அதைத் தாழ்ந்த சத்தம், உயர்ந்த சத்தம்னு ஃபில்டர் போட்டுப் பிரிக்குது. தலைக்கு வெளியே காந்தத்துல ஒட்டியிருக்குற காயில், தோலுக்கு உள்ளே இருக்குற ரிசீவருக்கு ரேடியோ அலையா அனுப்புது. அங்கே இருந்து நத்தை மாதிரி சுருண்டிருக்குற காக்ளியாவுக்குள்ள போன எலெக்ட்ரோடுங்க நேரா நரம்பைத் தட்டுது. நம்ம உள்காதுல சுமார் 15,000 முடிச் செல்கள் பார்க்குற வேலையை, எங்க வாண்டுங்களுக்கு 22 எலெக்ட்ரோடு பார்க்குது. இவ்வளவு கம்மி ஆளுங்களை வெச்சு மூளை பேச்சைப் புரிஞ்சுக்குதுன்னா, பெரிய ஆளு மூளைதான்!

ஆபரேஷன் முடிஞ்சு சில வாரம் கழிச்சுத்தான் மெஷினை 'ஆன்' பண்ணுவாங்க. அன்னிக்குத்தான் காது வயசு பூஜ்ஜியம். யூ-டியூப்ல பார்த்திருப்பீங்க... ஆன் பண்ணதும் குழந்தை அம்மாவைப் பார்த்துச் சிரிக்கும், எல்லாரும் அழுவாங்க. எங்க வீட்ல என்ன நடந்துச்சு தெரியுமா? சுண்டல் சாப்பிட்டுட்டு இருந்த பிஸ்கட்டை அப்படியே வாயில வெச்சுக்கிட்டுச் சிலை மாதிரி நின்னா. பட்டாணி ஆஸ்பத்திரியே அதிர்ற மாதிரி கத்தினான். அதுவரைக்கும் அமைதியா இருந்த உலகத்துல திடீர்னு யாரோ தட்டினா பயம் வராதா? அம்மா குரல் 'அம்மா குரல்'தான்னு அவங்களுக்குத் தெரியவே வாரக்கணக்காச்சு.

கமென்ட்ரி பாக்ஸ்!

மெஷின் சத்தத்தைத்தான் தரும், மொழியைத் தராது. மொழியை வீடுதான் தரணும். அதனால எங்க அக்கா இப்போ ஃபுல் டைம் கிரிக்கெட் கமென்டேட்டர். 'அம்மா தோசை ஊத்துறேன்... சொய்ங்ங்! சூடு, ஆவி வருது... திருப்பிப் போடுறேன்... பட்டாணிக்கு ஒண்ணு, சுண்டலுக்கு ஒண்ணு!' இப்படி காலையில பல் தேய்க்கிறதுல இருந்து ராத்திரி வரைக்கும் நான்-ஸ்டாப். தனியார் ஸ்கூல் டீச்சர் வேலையை விட்டுட்டா. வாரம் ஒருநாள் ரெண்டு பேரையும் தூக்கிக்கிட்டு மதுரைக்கு பஸ். தெரபி முடிச்சு, திரும்ப பஸ்.

ஸ்கூல்ல இரட்டைக்கிளவி படிச்சிருப்போமே... சலசல, கடகட, மடமட! ரெண்டு மார்க்குக்காக மனப்பாடம் பண்ணது. அதுங்கதான் எங்க வாண்டுங்களுக்கு முதல் பாடம். தண்ணி சலசல, டம்ளர் கடகட, பால் மடமட. ரெட்டைப் புள்ளைங்களுக்கு ரெட்டை வார்த்தை!

தினமும் காலையில மெஷினை மாட்டினதும் அக்கா வாயை மறைச்சுக்கிட்டு ஆறு சத்தம் சொல்லுவா. ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ். இதுக்கு 'லிங்' டெஸ்ட்னு பேரு. பேச்சுல வர்ற தாழ்ந்த சத்தம் தொடங்கி உயர்ந்த சத்தம் வரைக்கும் இந்த ஆறுக்குள்ள அடங்கிடும். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு வளையத்தைக் குச்சியில போடணும். ஆறு வளையமும் விழுந்தாத்தான் எங்க வீட்ல காபி!

சிரிப்புக்கும் குறைவில்ல. காயில்ல காந்தம் இருக்குல்ல... பட்டாணி அதைப் பிடுங்கி பீரோவுல ஒட்டிட்டுப் போயிடுவான். வீடே தேடும். வியர்வை, மழை ரெண்டும் மெஷினுக்கு எமன். அதனால ராத்திரி அது ஈரம் உறிஞ்சுற டப்பாவுக்குள்ள தூங்கும். கேபிள் அறுந்தா மாமா முகம் சுருங்கிடும். அது எங்க கைக்காசு!

எங்க வீட்டு ரெக்கார்டு புக்

காது வயசு மூணு வாரம்: குக்கர் விசிலுக்கு சுண்டல் திரும்பினா. அன்னிக்கு வேணும்னே மூணு தடவை குக்கர் வெச்சாங்க அம்மா. மூணு வேளையும் பருப்புச் சாதம்!

ரெண்டு மாசம்: பேரைக் கூப்பிட்டதும் பட்டாணி திரும்பினான். அப்பத்தா சும்மா சும்மா கூப்பிட்டுக்கிட்டே இருந்துச்சு. கடுப்பாகித் திரும்புறதையே நிறுத்திட்டான்.

ஏழு மாசம்: சுண்டல் 'ம்மா'ன்னா. அக்கா ஓடிப்போய் சமையலறைக் கதவைச் சாத்திக்கிட்டா. வெளியே வர்றதுக்குப் பத்து நிமிஷம் ஆச்சு.

பதினோரு மாசம்: பட்டாணியோட முதல் வார்த்தை, 'போம்!' மதுரை பஸ் ஹாரன். 'அப்பா' இல்லையான்னு மாமாவுக்கு லேசா வருத்தம். 'நீங்களும் வண்டி ஓட்டுறவர்தானே, உங்களைத்தான் சொல்றான்'னு சமாதானம் பண்ணி வெச்சேன்.

ரெண்டு பேருக்கும் நடுவுல நாலு மாசம் கேப். ஒரே நாள்ல பிறந்து, ஒரே நாள்ல ஆன் பண்ணினாலும் அப்படித்தான். ஒண்ணை வெச்சு இன்னொண்ணை அளக்காதீங்கன்னு தெரபி டீச்சர் ஸ்டிரிக்ட்டா சொல்லிட்டாங்க.

இன்னொரு நாளும் இருக்கு. காது குத்து! தாய்மாமன் நான்தானே... மடியில ரெண்டு பேர். மொட்டை அடிச்சதும் காதுக்குப் பின்னால தழும்பு பளிச்னு தெரிஞ்சுது. சொந்தக்காரங்க கிசுகிசுக்க ஆரம்பிச்சாங்க. அக்கா அலட்டிக்கவே இல்ல. சூரியகாந்திப் பூ ஸ்டிக்கர் ஒட்டின காயிலை எடுத்து மொட்டைத் தலையில டக்குனு மாட்டிவிட்டா. முதல்ல பட்டாணிக்குக் குத்தினாங்க. அவன் வீல்னு கத்தினான். பக்கத்துல ஜாலியா மிட்டாய் சப்பிட்டு இருந்த சுண்டல் அண்ணனைத் திரும்பிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, ஓன்னு அழ ஆரம்பிச்சா. அவளை இன்னும் யாரும் தொடவே இல்ல!

முன்னாடியெல்லாம் ஒண்ணு தொட்டில்ல கிழிஞ்சு போற மாதிரி அழுதாலும் இன்னொண்ணு நிம்மதியா தூங்கும். 'ரெட்டைப் புள்ள வளர்க்குறதுல இது ஒரு வசதி'ன்னு அக்கா ஜோக் அடிப்பா. அன்னிக்கு ரெண்டும் போட்டி போட்டு அழுதுச்சு. அக்கா மட்டும் சிரிச்சுக்கிட்டே கண்ணைத் துடைச்சா.

இனிமே எல்லாம் சுபம்னு நினைச்சுடாதீங்க. குளிக்கும்போதும் தூங்கும்போதும் மெஷினைக் கழட்டினா, அவங்க காது கேளாத குழந்தைங்கதான். அதுல ஒளிக்க ஒண்ணும் இல்ல. அந்த நேரத்துக்குன்னு எங்க வீட்ல சைகை இருக்கு. சைகையும் முழுமையான மொழிதான் பாஸ். டெல்லியில இருக்குற இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மையம் 2018-ல போட்ட அகராதி, 2021-ல 10,000 வார்த்தையைத் தொட்டுடுச்சு. 'மொழி' படத்துல ஜோதிகாவைப் பார்த்து உருகின நாம, அதுல ஒரு பத்து வார்த்தையாவது கத்துக்கலாம்ல?

இதெல்லாம் காலேஜ் பசங்களுக்கு எதுக்குன்னு கேட்கறீங்களா? உங்க அக்கா, அண்ணி, பக்கத்து வீட்டு அக்கா... யாராவது ஒருத்தருக்கு அடுத்த மாசமே குழந்தை பிறக்கலாம். குறைமாசம்னா, என்.ஐ.சி.யு.வுல சில நாள் இருந்துச்சுன்னா, தொட்டில் கட்டப் போறப்போ ஒரே ஒரு கேள்வி கேளுங்க. 'காது டெஸ்ட் எடுத்தாச்சா? பெரா பார்த்தாங்களா?' இல்லைன்னு சொன்னா, அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில காது-மூக்கு-தொண்டைப் பிரிவு இருக்கு. குழந்தைங்களுக்கான ஆரம்பநிலை இடையீட்டு மையமும் இருக்கு. கூடவே போங்க, பைக்ல உட்கார வெச்சுக் கூட்டிட்டுப் போங்க.

அப்புறம், வளர்ற புள்ளையைப் பார்த்து 'இன்னும் பேசலையா?'னு மட்டும் கேட்காதீங்க. 'இந்த வாரம் புதுசா என்ன செஞ்சான்?'னு கேட்டுப் பாருங்க. எங்க அக்கா மாதிரி ஆளு கிடைச்சா, ஒரு மணி நேரம் கமென்ட்ரி கியாரன்டி!