எழுதுமேசையும் தையற்பெட்டியும்

அலுவலகத்து மேசைமீது தாளும் எழுதுகோலும் இருப்பது இயல்பு. அவற்றுக்கு அடுத்தபடியாக ஊசியும் நூலும் அங்கே இடம் பெற்றிருந்தன என்றால் இன்றைய இளைஞர் சிலர் வியப்படையக் கூடும். ரயில்வே குமாஸ்தா உத்தியோகம் பார்க்கும் எங்களுக்கு அதில் வியப்பில்லை. பழைய கட்டுகளைப் பிரித்துப் பார்த்தால், துளையிட்டு நூல் கோத்துக் கட்டிய காகிதங்களே மிகுதி. முன்னாளில் பார்சல்களையும் துணியிலே பொதிந்து, ஊசியால் தைத்து, தையலின்மேல் அரக்கு முத்திரை இட்டு அனுப்புவது வழக்கம். எனவே எழுதுபொருளும் தையற்பொருளும் அயலார் அல்லர்; ஒரு வீட்டுப் பங்காளிகளே எனலாம்.

இந்த உறவுக்கு இன்னொரு சான்றும் உண்டு. கறுப்பு நிறத் தகட்டில் இரு கம்பிக் காதுகளுடன் கடைகளில் விற்கும் ‘பைண்டர் கிளிப்’பை யாவரும் அறிவோம். அமெரிக்காவின் வாஷிங்டன் நகரத்து லூயிஸ் பால்ட்ஸ்லி என்பவர் 1910ஆம் ஆண்டில் அதனை ஆக்கினார். 1915இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய தந்தையார் ஓர் எழுத்தாளர். கையெழுத்துப் படிகளைத் துளையிட்டு நூலால் தைத்து வைப்பதும், ஒரு தாளைச் சேர்க்க வேண்டுமாயின் தையலைப் பிரித்து மீண்டும் தைப்பதுமாக அவர் பட்ட தொல்லையைத் தீர்க்கவே மைந்தர் இக்கருவியை ஆக்கினாராம். ஊசியை மேசையிலிருந்து விடுவிக்கப் பிறந்த கிளிப்பு, இன்று ஊசிக்குத் துணையாகத் தையற்பெட்டிக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. விந்தையல்லவா?

அது வந்த காரணம் எளியது. பட்டுத்துணியில் குண்டூசி குத்தினால் துளை நின்றுவிடும். மழைச்சட்டைத் துணியும் தோலும் அவ்வாறே. கனமான போர்வையின் ஓரத்தையோ குண்டூசி பிடிக்காது; வளைந்து கொள்ளும். கிளிப்பு துளைக்காமல் பிடிக்கும். தையல் நெருங்கும்போது ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம். தையலுக்கென்றே தனியாகப் பிளாஸ்டிக் கிளிப்புகள் விற்கின்றன. ஆனால் சிற்றூர்க் கடைகளில் அவை கிடைப்பது அரிது. பள்ளிக்கூடம் இருக்கும் ஊரிலெல்லாம் எழுதுபொருட்கடை இருக்கிறது.

எங்கள் ஊராகிய காந்தலூரின் நிலையும் அதுவே. இடுக்கி மாவட்டத்தில், ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்த மலையூர் அது. உடுமலைப்பேட்டையில் ரயிலை விட்டிறங்கி, சின்னார் வழியாக மறையூர் ஏறி, அங்கிருந்து மேலும் மலை ஏற வேண்டும். அஞ்சுநாட்டு ஊர்களுள் ஒன்று. முன்னோர் மதுரைச் சீமையிலிருந்து இம்மலைக்குக் குடியேறியவர்கள் என்பது அங்கு வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும் குளிர்நிலம். இரவில் போர்வையின்றி உறங்க இயலாது.

எங்கள் தாயார் காலஞ்சென்றபின் அவருடைய மரப்பெட்டியில் எட்டுச் சேலைகள் இருந்தன. மக்கள் நாங்கள் நால்வர். மூத்த தமக்கையார் ஊரிலேயே நிலத்தைப் பார்த்துக் கொள்கிறார். ஏனைய மூவரும் பிழைப்பு நாடி மூன்று திசைகளில் இருக்கிறோம். ஆளுக்கு இரண்டு சேலை என்று பங்கிடுவது எளிது. ஆனால் அந்த எட்டில் ஒன்று அவருடைய மணச்சேலை. மற்றொன்று, வயலுக்கும் அடுக்களைக்கும் அவர் நாள்தோறும் உடுத்திய பருத்திச் சேலை. அவ்விரண்டையும் விட்டுக்கொடுக்க எவருக்கும் மனமில்லை. எட்டுச் சேலைகளும் கலந்த நான்கு ஒட்டுப்போர்வைகள் தைத்துக் கொள்ளலாம் என்ற யோசனை எழுந்தது.

“அம்மா சேலையில கத்திரி வைக்கிறதா? நான் உயிரோட இருக்கற வரைக்கும் நடக்காது தம்பி” என்று தமக்கையார் மறுத்துவிட்டார். அவர் மறுத்ததில் நியாயம் இருந்தது. கடைத்துணியில் வெட்டுப் பிழைத்தால் மறுபடி வாங்கலாம். தாயின் சேலையை எந்தக் கடையில் வாங்குவது?

அவ்வேளையில் துணைக்கு வந்தது பிள்ளைகளின் கட்டக் கணக்கு நோட்டு. ஒரு கட்டம் ஒரு சதுரத் துண்டு என்று கொண்டு கணக்கிட்டோம். தைத்து முடிந்தபின் 6 அங்குலம் நிற்கும் சதுரத்துக்கு, நாற்புறமும் கால் அங்குலம் தையலுக்கு விட்டு, ஆறரை அங்குலமாக வெட்ட வேண்டும். 5 அடி அகலமும் 6 அடி நீளமும் உள்ள போர்வைக்கு 120 சதுரங்கள். அதாவது, சேலை ஒன்றுக்கு 15. நான்கு போர்வைகளுக்கும் சேர்த்து ஒரு சேலையிலிருந்து 60 சதுரங்கள். 45 அங்குல அகலமுள்ள சேலையில், இரு கரைகளையும் தொடாமல், குறுக்கே ஆறு சதுரம் அமையும். அவ்வாறு பத்து வரிசைக்கு 65 அங்குல நீளம் போதும். ஐந்தரை கெஜச் சேலையின் நீளம் 198 அங்குலம். எனவே மூன்றில் ஒரு பங்குதான் கத்திரிக்கு. முந்தானையும் மிச்ச இரண்டு பங்கும் முழுசாகவே நிற்கும்.

கட்டங்களுக்கு வண்ணப் பென்சில் தீட்டித் தமக்கையாரிடம் காட்டினோம். நெடுநேரம் பார்த்திருந்தார். “முந்தானை முழுசா இருக்குமா?” என்று மட்டும் கேட்டார். மறுநாள் அவரே மணச்சேலையின் உட்தலைப்பைக் காட்டி, “இங்கே இருந்து வெட்டுங்க” என்றார். வாயால் எவ்வளவு சொல்லியும் தீராத ஐயத்தை ஒரு தாள் தீர்த்து வைத்தது.

அப்போர்வைகளைத் தைக்கையில் நாங்கள் கண்டறிந்தவற்றை நேயர்களுக்கும் சொல்லுதல் நலம். அளவுச் சதுரத்தை வெட்டத் திருமணப் பத்திரிகையின் கெட்டி அட்டை மிக நன்று. அட்டையின் அடியில் உப்புத்தாளை ஒட்டிக்கொண்டால் பட்டின்மேல் வழுக்காது. மூலைமட்டம் கொண்டு மூலைகளைச் சரிபார்க்க வேண்டும். அறுகோணத் துண்டு விரும்புவோர் பள்ளியில் பயின்ற கணக்கை நினைவு கூர்க: கவராயத்தால் வட்டமிட்டு, விரிப்பை மாற்றாமலே வட்டத்தைச் சுற்றி வெட்டிக்கொண்டு வந்தால் ஆறு புள்ளிகள் சரியாக விழும். மெல்லிய வழுக்குத் துணி எந்திரத்தில் சுருங்கினால், அடியில் ஒரு வெற்றுத் தாள் நறுக்கை வைத்துத் தைத்துப் பின்னர் கிழித்துவிடலாம். அச்சிட்ட செய்தித்தாள் வேண்டா. அதன் மை துணியில் ஏறும்.

செய்யத்தகாதனவும் உள. பந்துமுனைப் பேனாவால் துணியில் குறியிடலாகாது. செலோடேப்பைத் துணியில் நெடுநாள் விட்டால் அதன் பசை பழுத்துக் கறையாகும். இரும்புக் கிளிப்பை ஈரத்துணியில் இரவு முழுதும் விட்டால் துருப்பிடிக்கும். தாள் வெட்டும் கத்திரியும் துணி வெட்டும் கத்திரியும் தனித்தனியாக இருத்தல் வேண்டும். தாள், கத்திரியின் கூரைக் கெடுக்கும். இஸ்திரிச் சூட்டில் மறையும் மைப்பேனா ஒன்றும் இப்போது விற்கிறது. அந்த மை ஏறக்குறைய 60 பாகை வெப்பத்தில் நிறம் இழக்கும். கடுங்குளிரில், அதாவது உறைநிலைக்கும் கீழே பத்துப் பாகையளவில், மீண்டும் தோன்றத் தொடங்கும். பனிநாடுகளில் வாழும் நம்மவர் இதை மனத்திற் கொள்வது நன்று. பழைய துணிக்குச் சோப்புத் துண்டின் கூர்முனையே பழுதற்ற எழுதுகோல்; ஒரு சலவையில் போய்விடும்.

அலுவலகங்களில் பணிபுரிவோருக்கு ஒரு சொல். கிளிப்பும் தாளும் அங்கே குவிந்து கிடக்கும். அவை காரியாலயத்தின் சொத்து. வீட்டுத் தையலுக்கு அல்ல. கடையிலே சிறு தொகைக்குக் கிடைப்பவற்றுக்காக நாணயத்தை விற்க வேண்டியதில்லை. தாயின் நினைவாகத் தைக்கும் போர்வையில் அத்தகைய கிளிப்பின் தடம் வேண்டா.

தாளைத் துணிக்குத் துணையாக்குதல் நேற்று வந்த வழக்கம் அன்று. பிரிட்டனில் 1718ஆம் ஆண்டு பொறித்த பட்டு ஒட்டுப்போர்வை ஒன்று இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது. அதன் துண்டுகளைத் தாள்வடிவங்களின்மேல் மடித்துத் தைத்திருக்கிறார்கள். முந்நூறு ஆண்டுகள் கழிந்தும் அத்தாள்கள் உள்ளேயே இருக்கின்றன. நம் நாட்டிலும் பழஞ்சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் இடும் வங்கத்துக் காந்தாவும், வட கர்நாடகத்துக் கவுதியும் புகழ் பெற்றவை. பழந்துணியை மதிப்பது ஏழ்மையின் அடையாளம் அன்று, உடுத்தியவரை மதிப்பதாகும்.

ஊர் விட்டு ஊர் வந்த குடும்பங்களில், பெட்டியடியில் மடித்து வைத்த சேலைகள் பல இருக்கும். எடுக்கவும் மனமின்றி, வெட்டவும் துணிவின்றி அவை மடிப்பு மடிப்பாக இற்றுப் போகின்றன. நேயர்கள் ஒரு விடுமுறை நாளில் கட்டத்தாள் ஒன்றும் பென்சில் ஒன்றும் எடுத்துக்கொண்டு, உடன்பிறந்தாரையும் பிள்ளைகளையும் அருகில் இருத்தி, முதலில் தாளில் வெட்டிப் பார்ப்பார்களாக. தாளில் எத்தனை முறையும் அழித்து எழுதலாம். எல்லோர் மனமும் ஒப்பிய பிறகு கத்திரியைக் கையில் எடுத்தால் போதும்.