மாம்பழம் தின்றவள்

வால்பாறையிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கினால் ஆழியாறு. அங்கிருந்து ஆனைமலை பக்கம்தான். எனக்குப் பதின்மூன்று வயதானபோது அம்மா ஒருநாள் கூலியை விட்டுவிட்டு என்னை மாசாணியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். மாசாணி மல்லாந்து படுத்திருக்கும் சாமி. அம்மா மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் அப்பினாள். யாருக்காக என்று கேட்டேன். "உனக்கெதுக்கு? கும்பிட்டுக்க கண்ணு" என்றாள்.

கதையை மட்டும் திரும்பும்போது பஸ்ஸில் சொன்னாள். நன்னன் என்று ஒரு ராஜா. அவனுடைய மாமரத்துப் பழம் ஆற்றில் மிதந்து வந்தது. குளித்துக்கொண்டிருந்த பெண் எடுத்துத் தின்றுவிட்டாள். அதற்காக அவளைக் கொன்றான். மயானத்தில் கிடத்தப்பட்ட அவள் மயானசயனி. அதுவே மாசாணி ஆயிற்று என்பார்கள்.

கல்லூரியில் குறுந்தொகை 292ஆம் பாடலில் அவளை மறுபடி பார்த்தேன். பரணர் பாடியது. அவள் உயிருக்கு ஈடாக 81 யானைகளும் அவள் எடைக்குப் பொன்பாவையும் தருவதாகச் சொல்லியும் நன்னன் கேட்கவில்லை. யானைக் கணக்கும் ராஜாவின் பெயரும் பாட்டில் இருக்கின்றன. அவள் பெயர் இல்லை. நன்னனின் ஊர் வட கேரளத்து ஏழில்மலை என்பார்கள் ஆய்வாளர்கள். ஆனைமலையில் மிளகாய் அரைக்க வரும் பெண்களுக்கு அதெல்லாம் பொருட்டில்லை.

அந்தப் பாட்டு அவளுக்காகப் பாடியதும் இல்லை. மகளைத் தூங்காமல் காவல் காக்கும் தாயை, நன்னனைப் போல நரகத்துக்குப் போகட்டும் என்று தோழி சபிக்கிறாள். கொன்றவனுக்கும் காத்தவளுக்கும் ஒரே நரகம். அதற்குமேல் என்னால் படிக்க முடியவில்லை. நான் வயதுக்கு வந்த நாளிலிருந்து லைன் வீட்டில் கதவுக்குக் குறுக்கே பாய் போட்டுப் படுத்தவள் என் அம்மா. அவள்மேல் எனக்கும் கோபம் இருந்தது.

வேலையிலிருந்து நின்ற பிறகுதான் அம்மா வாய் திறந்தாள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் மேஸ்திரி ஒருவன், "பிள்ளையைப் பங்களா வேலைக்கு அனுப்பு" என்று கேட்டுக்கொண்டே இருந்தானாம். பங்களா வேலைக்குப் போன பிள்ளைகளின் கதை அவளுக்குத் தெரியும். மாட்டேன் என்றாள். அன்றிலிருந்து தினமும் அவள் கூடையில் மட்டும் எடை குறைந்தது. யாரிடம் போய்ச் சொல்வது?

"அப்புறம் அவனுக்கு என்ன ஆச்சும்மா?"

"என்ன ஆகும்? ரிட்டயர் ஆகி ஊருக்குப் போயிட்டான்."

வேண்டுதல் பலித்தால் திரும்பப் போய், எரியும் அம்மனுக்கு எண்ணெய்க்காப்பு செய்து குளிரவைக்க வேண்டும். அதையும் கேட்டேன்.

"இன்னும் போகல" என்றாள் அம்மா.