வறண்ட பூமியில் மூன்று நாட்கள்



நகரத்தில் பிழைக்க வந்த நம்மில் அநேகருக்கு, விடுமுறையில் குடும்பமாய் எங்கேனும் சென்று தங்கிவர வேண்டும் என்ற ஆசை உண்டு. நாம் பெரும்பாலும் வண்டியை ஏற்பாடு செய்த பிறகே மற்றவற்றை யோசிக்கிறோம். அது எவ்வளவு தவறு என்பதை நான் கற்றுக்கொண்ட பயணத்தைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

கலிபோர்னியாவில் வேலை பார்க்கும் என் தம்பி, தன் குடும்பத்துடன் அன்சா-பொரேகோ பாலைவன மாநிலப் பூங்காவில் தங்கிவந்ததைப் பற்றி ஒருமுறை எழுதியிருந்தான். ஆறு லட்சம் ஏக்கருக்கும் மேல் பரந்து கிடக்கும் அப்பூங்கா, அம்மாநிலப் பூங்காக்களில் மிகப் பெரியது. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை யாவும் உள்ளேயே அமைந்த வண்டியில் அவர்கள் சென்றார்கள். "இந்தியாவுக்கு வரும்போது நம் பிள்ளைகளை அப்படி ஓரிடத்திற்கு அழைத்துச் செல்ல வேண்டும், அண்ணா" என்று அவன் கேட்டிருந்தான்.

என் நினைவுக்கு வந்தது தலக்கோணா. எங்கள் தாயார் பிறந்த ஊர் சித்தூருக்கும் பாகாலாவுக்கும் இடையே உள்ள ஒரு சிற்றூர். அங்கிருந்து பீலேர் வழியாய்ச் சென்றால் சேஷாசல மலைத்தொடரின் அந்த அருவியை அடையலாம். சித்தூர் பாலைவனம் அல்ல. ஆயினும் ராயலசீமையைச் சேர்ந்த வறண்ட பூமி. வழிநெடுகக் கருங்கல் குன்றுகளும், நிலக்கடலைக் கொல்லைகளும், மாந்தோப்புகளும், ஆண்டில் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும் ஆறுகளுமே கண்ணில் படும். தமிழருக்கு இது அந்நிய நாடும் அல்ல. 1911-இல் தனி மாவட்டமாகும்வரை சித்தூர் வட ஆற்காடு மாவட்டத்தின் தலைமையிடமாய் இருந்தது.

டெம்போ டிராவலர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, பாத்திரம், பாய், அடுப்பு ஆகியவற்றோடு அதையே நம் நாட்டுக் கேரவனாய் ஆக்கிக்கொள்ளலாம் என்று நான் வீட்டில் உற்சாகமாய்ச் சொன்னேன். எழுபத்து நான்கு வயதான எங்கள் தாயார் கேட்ட முதல் கேள்வி இதுவே: "வண்டியைப் பற்றி இவ்வளவு பேசுகிறாயே அப்பா, தண்ணீருக்கு என்ன செய்வாய்?"

அக்கேள்விக்கு ஒரு காரணம் இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதத்தில் யாதொரு திட்டமுமின்றி நான் அவர்களைத் தலக்கோணாவுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். ஏறக்குறைய 270 அடி உயரமுள்ள அருவி அன்று பாறையின்மேல் ஒரு நூலைப்போல் கசிந்துகொண்டிருந்தது. திரும்பும் வழியில் டயர் பஞ்சர் ஆயிற்று. கொண்டுவந்த தண்ணீர் நண்பகலிலேயே தீர்ந்துவிட்டது. அனல் காற்றில் நின்ற தாயார் மயங்கிச் சாய்ந்தார்கள். கொல்லையில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெண்மணி தன் குடத்தோடு ஓடிவந்து முகத்தில் தெளித்து, வாயிலும் ஊற்றினார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. மாலைவரை அவருக்கு வேண்டியிருந்த தண்ணீரை அன்று எங்களுக்குக் கொடுத்துவிட்டார் என்பது பிறகே எனக்கு உறைத்தது.

ஆகையால் இம்முறை தண்ணீரிலிருந்தே திட்டத்தைத் தொடங்கினோம். வறண்ட இடங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குடிக்க நான்கு லிட்டர் வேண்டும் என்பது பயணிகள் கைக்கொள்ளும் பொதுவான கணக்கு. நாங்கள் ஒன்பது பேர், மூன்று நாட்கள். மொத்தம் 108 லிட்டர். இருபது லிட்டர் கேன்கள் ஆறு எடுத்துக்கொண்டோம். சமையலுக்கும் கழுவுவதற்கும் தனியே ஒரு டிரம். தாயார் ஏழாவதாக ஒரு கேனையும் ஏற்றச் சொன்னார்கள். "எதற்கு அம்மா?" என்றேன். "வழியில் கேட்பவர்களுக்கு" என்றார்கள்.

அடுத்ததாகக் காலத்தை முடிவு செய்தோம். மே மாதத்தை நீக்கினோம். மழைக்காலத்தையும் நீக்கினோம். வறண்ட பூமியில் தண்ணீர் இல்லாமை ஓர் ஆபத்தென்றால், திடீரென்று வரும் தண்ணீர் மற்றோர் ஆபத்து. 2021 நவம்பரில் பெய்த கனமழையில் மணலாய்க் கிடந்த சுவர்ணமுகி ஆறு பெருக்கெடுத்தது. திருப்பதி நகரின் தெருக்கள் வெள்ளக்காடாயின. அதே நாட்களில் கடப்பை மாவட்டத்துச் செய்யேற்றின்மேல் இருந்த அன்னமய்யா அணை உடைந்து பல உயிர்கள் மாண்டன. தம்பி சொன்ன பாலைவனப் பூங்காவிலும் 2004 செப்டம்பரில் இவ்விதமே வெள்ளம் பள்ளத்தாக்கு வழியாய்ப் பாய்ந்து முகாம் இடத்தைச் சேதப்படுத்தியது. ஆற்று மணல் மெத்தைபோல் மிருதுவாய் இருக்கும். பிள்ளைகள் அங்கேயே பாய் விரிக்க விரும்புவார்கள். மேலே மலையில் பெய்யும் மழை கீழே நிற்கும் நமக்குத் தெரியாது. ஆகவே ஓடையின் நடுவில் வண்டியை நிறுத்தவோ படுக்கவோ கூடாது என்பதை எங்கள் முதல் விதியாக வைத்தோம். பயணத்தைப் பொங்கல் விடுமுறைக்கு அடுத்த வாரத்தில் வைத்துக்கொண்டோம்.

மூன்றாவது காரியம் தங்குமிடம். தலக்கோணா, 1989-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்காவைச் சேர்ந்தது. அங்கே நம் இஷ்டம்போல் கூடாரம் அடிக்க முடியாது. விடுதிகளில் முன்பதிவு செய்தே தங்க வேண்டும். 2022 ஏப்ரல் 4 முதல் இப்பகுதி புதிய திருப்பதி மாவட்டத்தில் இருப்பதால், விசாரிப்பவர்கள் அதை மனதில் கொள்வது நல்லது.

வனச் சோதனைச் சாவடிகளில் தமிழ்நாட்டு வண்டிகளைக் கவனமாய்ச் சோதிப்பார்கள். இம்மலைகளில்தான் செம்மரம் இயற்கையாய் வளர்கிறது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசல வனப்பகுதியில் இருபது பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். பெரும்பாலும் ஏழை மலைக்கிராமத்துக் கூலித் தொழிலாளர்கள். அவர்களும் நம்மைப் போலவே ஊரைவிட்டுப் பிழைப்புத் தேடி வண்டி ஏறியவர்களே. ஆதலால் சாவடியில் நிறுத்தினால் சினம் கொள்ளாமல் தாள்களைக் காட்டுங்கள். ஒரு சிறு குச்சியையும் காட்டிலிருந்து எடுத்து வராதேயுங்கள்.

நான்காவது, நெருப்பும் காற்றும். கேரவன் என்றாலே உள்ளே சமைத்து, குளிர்சாதனத்தை ஓடவிட்டு உறங்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், சட்டவிரோதமாய் வைத்திருந்த எரிவாயு சிலிண்டரால் தீப்பற்றி ஒன்பது பேர் மாண்டார்கள். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நின்ற கேரவனில் உறங்கிய இருவர், ஜெனரேட்டரிலிருந்து உட்புகுந்த கார்பன் மோனாக்சைடு வாயுவால் இறந்தார்கள். நிறமும் வாசனையும் இல்லாத அவ்வாயு உறங்குகிறவரை எழுப்புவதில்லை. ஆகவே அடுப்பை வண்டிக்கு வெளியே, அனுமதித்த இடத்தில் மட்டுமே பற்றவைத்தோம். இரவில் எஞ்சினை அணைத்து, ஜன்னல்களைக் கொசுவலையோடு திறந்து வைத்தோம். அன்சா-பொரேகோவில் தரையில் தீ மூட்டக்கூடாது, உலோகக் கலத்திற்குள்தான் மூட்ட வேண்டும், சாம்பலையும் எடுத்துச் செல்ல வேண்டும் என்று தம்பி சொன்னான். நாங்களும் எங்கள் குப்பை அனைத்தையும் ஒரு மூட்டையாய்க் கட்டிச் சென்னைக்கே கொண்டுவந்தோம்.

கடைசியாக, இருட்டு. தலக்கோணாவிலிருந்து திருப்பதிக்கு வருகையில் பாகராபேட்டை மலைப்பாதையைக் கடக்க வேண்டும். 2022 மார்ச்சில் நிச்சயதார்த்தத்திற்குச் சென்ற ஒரு பேருந்து இரவில் அங்கே பள்ளத்தில் கவிழ்ந்து பலர் உயிரிழந்தார்கள். ஆகவே பகலில் மாத்திரமே அப்பாதையைக் கடப்பது என்று ஓட்டுநரிடம் முன்னதாகவே பேசிவிட்டோம்.

இவ்வளவு எச்சரிக்கையும் பயணத்தின் இன்பத்தைக் கெடுத்துவிடவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை என்பதே என் அனுபவம். முதல் நாள் தாயாரின் ஊரில் இறங்கினோம். அவர்கள் சிறுவயதில் நீர் இறைத்த கிணறு வற்றி, உள்ளே புதர் மண்டிக் கிடந்தது; அருகில் ஆழ்குழாய்க் கிணறு ஒன்று இருந்தது. தாயார் வெகுநேரம் அக்கிணற்றின் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பேரப்பிள்ளைகள் முதன்முறையாக ஒன்றும் பேசாமல் அருகே நின்றார்கள். அன்று பகல் அவ்வூர் வீடொன்றில் எங்களுக்குக் கேழ்வரகுக் களியும் நிலக்கடலைச் சட்டினியும் கிடைத்தன. அவ்விரவு தலக்கோணா விடுதியில் பெண்கள் அறையில் தங்க, ஆண்கள் நாங்கள் வளாகத்தில் நின்ற வண்டியில் படுத்தோம். சென்னையில் காணாத அத்தனை நட்சத்திரங்களையும் பிள்ளைகள் எண்ண முயன்று தோற்றார்கள். இம்முறை அருவியில் தண்ணீர் இருந்தது.

திரும்பும்போது சந்திரகிரிக் கோட்டையைக் கண்டோம். சென்னை நகரம் தோன்றக் காரணமான நிலம் 1639-இல் ஆங்கிலேயருக்கு வழங்கப்பட்டபோது, வழங்கிய நாயக்கர் சந்திரகிரி விஜயநகர அரசருக்குக் கீழ்ப்பட்டவராய் இருந்தார். பின்னர் புத்தூர், நாகலாபுரம் வழியாய் ஊத்துக்கோட்டையை அடைந்தோம். கண்டலேறு நீர்த்தேக்கத்திலிருந்து பூண்டிக்கு வரும் கிருஷ்ணா நீர்க் கால்வாய் அங்கேதான் தமிழ்நாட்டிற்குள் நுழைகிறது. 1983-இல் ஒப்பந்தமாகி 1996-இல் வந்து சேர்ந்த நீர் அது. நம் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரில் ஒரு பங்கு ராயலசீமையைக் கடந்தே வருகிறது என்று சொன்னபோது, பிள்ளைகள் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தார்கள்.

அந்த ஏழாவது கேன் என்னவாயிற்று? பீலேரை நெருங்குகையில், பழுதான மோட்டார் சைக்கிளோடு ஒரு தகப்பன் தன் சிறுமகளுடன் வெயிலில் நின்றார். தாயார் கேட்காமலேயே வண்டியை நிறுத்தச் சொன்னார்கள். அப்பிள்ளை இரண்டு கைகளாலும் செம்பைப் பிடித்து, மூச்சுவிடாமல் குடித்தாள். அவர்களுடைய பாட்டிலையும் நிரப்பிக் கொடுத்தோம். மேலும் இரண்டிடங்களில் சாலைப் பணியாளர்களுக்கு ஊற்றினோம். வீடு வந்து சேர்ந்தபோது அக்கேன் காலியாய் இருந்தது.

அடுத்த பயணத்திற்கான தாள் இப்போதே என் மேசையில் இருக்கிறது. அதில் முதல் வரியாக "தண்ணீர்" என்றும், இரண்டாம் வரியாக "கேட்பவர்களுக்கு ஒரு கேன்" என்றும் எழுதியிருக்கிறேன். வண்டியைப் பற்றி இன்னும் எழுதவில்லை.