முதற்பிடி

திருநெல்வேலிச் சீமையின் கிறிஸ்தவச் சிற்றூர்களில், அடுக்களையின் ஒரு மூலையில் சிறு மண்கலயம் ஒன்று இருப்பது வழக்கம். உலைக்கு அரிசி அளந்ததும், அதைக் களைவதற்கு முன்னரே, வீட்டுத் தலைவி ஒரு பிடி அள்ளி அக்கலயத்தில் இடுவாள். உதடுகள் ஒரு சிறு வேண்டுதலை முணுமுணுக்கும். ஞாயிறன்று அவ்வரிசி ஆலயத்திற்குச் செல்லும். வீடுதோறும் வந்த அரிசி அங்கே ஒரே ஓலைப்பெட்டியில் கொட்டப்படும். நிலக்காரர் வீட்டுச் சம்பாவும் பனையேறி வீட்டுக் குறுணையும் கலந்த பின்னர், எது எவருடையது என்று எவராலும் பிரித்தறிய இயலாது. அதை விற்றுவரும் பணம் சபையின் ஊழியத்திற்கும் எளியவர்க்கும் பயன்படும். பிடியரிசிக் காணிக்கை என்பது இதன் பெயர்.

உண்டு மிஞ்சியதைக் கொடுப்பதற்கும் உண்ணுமுன் எடுத்து வைப்பதற்கும் இடையே உள்ள தொலைவு பெரிது. மிச்சம் என்பது பல வீடுகளில் ஏற்படுவதே இல்லை. அதற்காகக் காத்திருந்தால் பனையேறியின் மனைவி வாழ்நாள் முழுதும் வாங்குபவளாகவே இருந்திருப்பாள். எருசலேம் ஆலயத்தில் இரண்டு காசு போட்ட விதவையை இயேசுபெருமான் சுட்டிக்காட்டிய வரலாறு இப்பெண்களுக்குப் புதிதன்று.

அத்தகைய ஊர் ஒன்றில் மழை பொய்த்த ஓர் ஆண்டு. சனிக்கிழமை மாலை, பனையேறி ஒருவரின் குடிசை வாயிலில் அண்டை வீட்டுக்காரி வந்து நின்றாள். அவள் அம்மன் கோவிலுக்குச் செல்பவள். கணவன் காய்ச்சலாகப் படுத்திருந்தான். கஞ்சிக்கு ஓர் உழக்கு அரிசி கைமாற்றாகக் கேட்டாள். உழக்கு என்பது கால் படி. இன்றைய மாணவர் பலர் அதைக் கண்டிரார். குடிசையின் அரிசிப்பானையிலோ இரண்டே உழக்கு இருந்தது. கலயம் மட்டும் ஏறக்குறைய நிறைந்திருந்தது.

மருமகளின் கை கலயத்தை நோக்கிச் சென்றது. “இதுவும் தருமத்துக்குத்தானே அத்தை, இதையே கொடுத்துவிடட்டுமா?” என்று மெல்லக் கேட்டாள்.

“அது கொடுத்தாயிற்று அம்மா. கொடுத்ததையே இரண்டாம் முறை கொடுத்துப் பேர் வாங்கவா? நம்முடையது பானையில்தான் இருக்கிறது” என்றாள் மாமியார்.

பானையிலிருந்து ஓர் உழக்கு சென்றது. அன்றிரவு அவ்வீட்டிலும் கஞ்சிதான்.

கிழவியின் கண்டிப்பு சற்று மிகை என்பாரும் உளர். கலயத்தரிசியும் ஏழைக்கே போகிறதன்றோ எனக் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அந்த அரிசிப்பானையும் வெறுமையாக இருந்திருப்பின், கிழவியே கலயத்தைக் கவிழ்த்திருப்பாள் என்று நம்ப இடமுண்டு. ஆயினும், ஆலயத்தின் வழியே செல்லும் அரிசி முகமறியா ஒருவரைச் சென்றடைகிறது. வாயிலில் நிற்பவளுக்கோ முகம் உண்டு. அவளுக்குக் கொடுப்பது தன் வட்டிலில் குறையவேண்டும் என்று கிழவி எண்ணினாள் போலும்.

இந்த வேறுபாட்டை உலக அரங்கில் எடுத்துரைத்தவர் அதே சீமையில் பிறந்தவர். வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றக் காரணமானவருள் ஒருவர். மேனாட்டார் பொருளால் வளர்ந்த சபை, தன் பணத்தாலும் தன் மக்களாலும் பணி செய்ய முன்வந்ததே அச்சங்கத்தின் சிறப்பு. 1910இல் எடின்பரோவில் கூடிய உலக மாநாட்டில், அவர் மேனாட்டு மிஷனெரிமாரின் ஈகையையும் தியாகத்தையும் போற்றிவிட்டு, அவை போதா, நண்பர்களாய் வாருங்கள் என்ற கருத்துப்பட வேண்டினார். அவையினர் பலருக்கு அது கசந்தது. 1912இல் தோர்ணக்கல் பேராயரான பின்னர், தாழ்த்தப்பட்டோராய்க் கிடந்த தெலுங்கு மக்களிடமும் அவர் காணிக்கை கேட்கத் தயங்கவில்லை. இல்லாதவரிடம் கேட்பது கொடுமை எனத் தோன்றும். வாங்கும் கையாகவே என்றும் வைத்திருப்பது அதனினும் கொடுமை என்பது அவர் கருத்து.

மழை பெய்து, அண்டை வீட்டான் எழுந்து வேலைக்குச் சென்ற பின்னர், அரிசி திரும்பி வந்தது. தலைதட்டிச் சென்ற உழக்கு, கோபுரமாகக் குவிந்து வந்தது. அன்று உலைக்கு அளந்தது அந்த அரிசியைத்தான். மருமகள் முதற்பிடியை அள்ளிக் கலயத்தில் இட்டாள். மாமியார் அப்போது அடுக்களையில் இல்லை. திண்ணையில் அமர்ந்து ஓலைப்பெட்டி முடைந்துகொண்டிருந்தாள்.